தொப்பியைத் துடைக்கும் சிறுவன்

சினிமா எடுக்க வேண்டும் என்று சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கையில் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். பிடித்த பத்துப் படங்கள். அதில் ஒரு குரோசாவா இருக்கும், ஒரு ஸ்கோர்செஸி இருக்கும். ஈரானியப் படம் ஒன்று, கொரியப் படம் ஒன்று. நம்மூருக்கு மகேந்திரனோ பாலுமகேந்திராவோ. நான் ஒன்றும் அவ்வளவு சீரியஸான ஆள் இல்லை என்று காட்டிக்கொள்ளக் கடைசியில் ஒரு ‘மைக்கேல் மதன காமராஜன்’. வேலைக்குப் போகிறவன் நீட்டும் பயோடேட்டா மாதிரிதான் இது. இயக்குநர் அலுவலகத்தில் கேட்பார்கள், டீக்கடையில் அறிமுகமாகும் இன்னொரு உதவி இயக்குநர் கேட்பார், கதை சொல்லப் போனால் தயாரிப்பாளரின் மேனேஜர் வேறு விதமாகக் கேட்பார்: “என்ன ஜானர் தம்பி? எந்தப் படம் மாதிரி இருக்கும்?”

என் பட்டியலும் அப்படிப்பட்டதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு மேனேஜரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதில் திகில் இருக்கிறது, காமெடி இருக்கிறது, கேங்ஸ்டர் இருக்கிறது, மூன்று மணிநேரம் ஒருவர் உருளைக்கிழங்கு உரிக்கிற படம்கூட இருக்கிறது. அதனால் ஒருநாள் படங்களின் பெயர்களை விட்டுவிட்டுக் காட்சிகளை மட்டும் எழுதிப் பார்த்தேன். தூக்கம் வராதபோது தேடிப் போய்ப் பார்க்கிற காட்சிகள். படத்தின் கதை பாதி மறந்துபோனாலும் ஒழுங்காக நினைவிருக்கும் காட்சிகள்.

‘பைசைக்கிள் தீவ்ஸ்’: அடிவாங்கும் அப்பாவின் தொப்பியைத் தரையிலிருந்து எடுத்துத் துடைக்கும் புரூனோ. ஓசுவின் ‘ஐ வாஸ் பார்ன், பட்...’: முதலாளி வீட்டுத் திரையில் தங்கள் அப்பா கோமாளித்தனம் செய்வதைப் பார்க்கும் அண்ணன் தம்பி. ‘ஆரண்ய காண்டம்’: குடித்துக் கிடக்கும் காளையனைச் சுமையாகவும் சொத்தாகவும் இழுத்துக்கொண்டு திரியும் கொடுக்காப்புளி. ‘பரியேறும் பெருமாள்’: வேட்டி உருவப்பட்டு ஓடும் அப்பாவின் பின்னால் ஓடும் பரியன். ‘கூழாங்கல்’: அப்பாவின் முதுகைப் பார்த்தபடியே நடக்கும் வேலு.

எழுதி முடித்ததும் தெரிந்துவிட்டது. நியோரியலிசம், மௌனப்பட நகைச்சுவை, கேங்ஸ்டர் படம், சாதியைப் பேசும் படம், ரோடு மூவி என்று ஜானர் ஐந்து. காட்சி ஒன்றேதான். ஒரு பிள்ளை தன் அப்பா தலைகுனிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஒரே காட்சியை இத்தனை பேர் இத்தனை விதமாக எடுத்திருக்கிறார்கள் என்றால், ஒரு காட்சியை எடுப்பது என்றால் என்ன என்பதை இவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

1

‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தின் கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்பார்கள். போருக்குப் பிந்தைய ரோமில், போஸ்டர் ஒட்டும் வேலை கிடைத்த ஒருவனின் சைக்கிள் முதல் நாளே திருடுபோகிறது, தேடுகிறான், கிடைக்கவில்லை, கடைசியில் அவனே ஒரு சைக்கிளைத் திருடி மாட்டிக்கொள்கிறான். ஒன்லைன் கச்சிதம்தான். ஆனால் இந்த ஒன்லைனில் புரூனோ இல்லை. புரூனோ இல்லாமல் இந்தப் படமும் இல்லை.

அந்தக் கடைசிப் பத்து நிமிடங்களைத் துண்டாக வெட்டிப் பார்த்தாலும் கண் கலங்கும். ஆனால் தி சிக்காவும் திரைக்கதை எழுதிய சவாட்டினியும் அதற்கான வேலையை எங்கே ஆரம்பித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வேலைக்குப் போகும் முதல் நாள் காலை. இருட்டு முழுதாக விலகாத அறையில் புரூனோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அடகுக்கடையில் இருந்தபோது அதில் விழுந்த ஒரு நெளிசலைக் கண்டுபிடித்து, ஏன் அவர்களிடம் கேட்கவில்லை என்று அப்பாவிடம் புகார் சொல்கிறான். அப்பாவுக்கு அது பெரிய விஷயம் இல்லை. பையனுக்குப் பெரிய விஷயம். அப்பாவின் பொருளில் ஒரு கீறல் விழுந்தாலும் கவனிக்கிற பையன் இவன் என்பது அப்போதே நமக்குள் பதிந்துவிடுகிறது, நமக்குத் தெரியாமலே.

இனி கடைசிக்கு வருவோம். கால்பந்து மைதானத்துக்கு வெளியே வரிசை வரிசையாகச் சைக்கிள்கள். கொஞ்சம் தள்ளி ஒரு வாசலில் தனியாக ஒரு சைக்கிள். அந்தோனியோ அதைப் பார்க்கிறான், பையனைப் பார்க்கிறான், மறுபடி சைக்கிளைப் பார்க்கிறான். பிறகு பையன் கையில் காசு கொடுத்து டிராம் ஏறிப் போகச் சொல்கிறான். திருடப் போகிறவனுக்குப் போலீஸ் பயத்தைவிட, பையன் பார்த்துவிடக் கூடாது என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது. புரூனோவுக்கு டிராம் தவறிவிடுகிறது. கூச்சல் கேட்டுத் திரும்புகிறான். சைக்கிளில் ஒருவன் தப்பித்து ஓட, கூட்டம் துரத்துகிறது. ஓடுகிறவன் அப்பா.

இங்கே கவனிக்க வேண்டியது, யார் யாரை முதலில் பார்க்கிறார்கள் என்பது. மகன் அப்பாவைப் பார்த்துவிட்டான்; மகன் பார்த்துவிட்டான் என்று அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அந்தச் சில விநாடிகளில்தான் படம் இருக்கிறது. அவமானம் என்பது அடி விழும்போது வருவதில்லை. தெரிந்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியும்போது வருகிறது. பிடிபட்டு அறை வாங்கும் அந்தோனியோவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு பையன் அழுகிறான். பிறகு கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறான். காலையில் சைக்கிளைத் துடைத்த அதே கைகள்.

சைக்கிள்காரர் அந்தப் பையனைப் பார்த்துவிட்டு, போலீஸில் கொடுக்காமல் விட்டுவிடுகிறார். அப்பாவைக் கூனிக் குறுக வைத்த பார்வையும் காப்பாற்றிய பார்வையும் ஒன்றேதான். பிறகு இருவரும் நடக்கிறார்கள். அப்பா அழுகிறார். பையன் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறான். கூட்டத்தில் கரைந்துபோகிறார்கள். அந்தோனியோவாக நடித்த லாம்பெர்ட்டோ மஜொரானி தொழில்முறை நடிகர் இல்லை, தொழிற்சாலைத் தொழிலாளி. 1950இல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சத்யஜித் ரே என்கிற விளம்பர நிறுவன ஊழியர் தானும் இப்படித்தான் படம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். பிடித்த படம் என்றால் அப்படி இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது கையில் வேலையைக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

2

ஓசு என்றதும் நமக்கு ‘டோக்கியோ ஸ்டோரி’ நினைவுக்கு வரும். வயதான பெற்றோர், பாயில் உட்கார்ந்த உயரத்தில் கேமரா, அமைதி. ஆனால் 1932இல் அவர் எடுத்த மௌனப்படமான ‘ஐ வாஸ் பார்ன், பட்...’ முக்கால்வாசி நேரம் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிற படம். முதலாளி வீட்டுக்குப் பக்கத்தில் குடிவரும் ஒரு குமாஸ்தா. அவருடைய இரண்டு பையன்கள் தெருச் சண்டையில் ஜெயித்து, முதலாளியின் மகன் உட்பட எல்லாப் பயல்களையும் அடக்கி வைத்திருக்கிறார்கள். யார் அப்பா பெரிய ஆள் என்று பயல்களுக்குள் போட்டி நடக்கிறது. இவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை.

பிறகு முதலாளி வீட்டில் ஒரு மாலை. அவர் தானே எடுத்த சின்னச் சின்ன ஃபிலிம்களைச் சுவரில் போட்டுக் காட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். பையன்களும் சிரிக்கிறார்கள். அடுத்த ரீலில் அவர்கள் அப்பா வருகிறார். முதலாளியின் கேமரா முன்னால் முகத்தைக் கோணிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு வித்தை காட்டுகிறார். அறை முழுக்கச் சிரிப்பு. அதே அறையில் அப்பாவும் இருக்கிறார். பையன்களின் சிரிப்பு மெல்ல நிற்கிறது.

இந்தக் காட்சியை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு குறும்படமாவது எடுத்தவர்களுக்குத் தெரியும். யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. முதலாளி கெட்டவர்கூட இல்லை. ஒலியே இல்லாத படம் என்பதால் வயலின் வைத்து உணர்த்தவும் முடியாது. ஓசு செய்வது ஒன்றுதான். திரையைக் காட்டுகிறார், பையன்களைக் காட்டுகிறார். ஒரு சிரிப்பை இரண்டாகப் பிரித்துவிடுகிறார். பெரியவர்களுக்கு அது பொழுதுபோக்கு. இரண்டு பேருக்கு மட்டும் உலகம் சரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பையன்களுக்கு உண்மையைக் காட்டியது சினிமா. அப்பா ஆபீஸில் எப்படி இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. முதலாளியின் கேமராவுக்குத் தெரியும். கேமரா யார் கையில் இருக்கிறதோ அவர்தான் யார் கோமாளி என்று முடிவு செய்கிறார் என்பதைத் தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பே ஓசு காட்டிவிட்டார். இன்று பிச்சை எடுக்கும் பெரியவருக்குப் பணம் கொடுப்பதை ரீல்ஸ் போடுகிறவர்களையும், சாலையில் போதையில் கிடப்பவரைப் படம் பிடித்து பிஜிஎம் சேர்க்கிறவர்களையும் பார்க்கும்போது எனக்கு அந்த ரீல்தான் ஞாபகம் வரும். அவர்கள் வீட்டிலும் இரண்டு பையன்கள் இருப்பார்கள்தானே? அவர்கள் கையிலும் போன் இருக்கும்தானே?

வீட்டுக்கு வந்து பையன்கள் சண்டை போடுகிறார்கள். ஏன் அவருக்குக் குனிகிறாய்? சம்பளம் தருகிறார். அப்படியென்றால் வாங்காதே. சாப்பிட மாட்டோம் என்று உண்ணாவிரதம் இருக்கிறார்கள். இரவில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அப்பா அம்மா இருவரும் பேசிக்கொள்வது இந்தப் படத்தின் இன்னொரு உச்சம். இவர்கள் என்னைப் போல ஆகிவிடக் கூடாது என்கிற கவலை. காலையில் சோற்று உருண்டைகளை அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ரயில்வே கேட்டில் முதலாளியின் கார் நிற்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் இருப்பதால் வணக்கம் சொல்ல அப்பா தயங்குகிறார். போய்ச் சொல்லிட்டு வா என்று பிள்ளைகளே அனுப்பி வைக்கிறார்கள். சமாதானம்தான். ஆனால் அந்தச் சமாதானத்தில் இரண்டு குழந்தைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். அதுதான் வலிக்கிறது.

3

தமிழ் சினிமாவில் அப்பா அவமானப்படும் காட்சிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பெரும்பாலும் அது பெட்ரோல். அப்பா அறை வாங்குவார், மகன் தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பான், க்ளோசப், கண்ணில் தீ, இருபது வருடம் கழித்து என்று கார்டு போடுவார்கள். எவ்வளவு பெட்ரோல் ஊற்றுகிறோமோ அவ்வளவு தூரம் வண்டி ஓடும். கடைசியில் அடித்தவனை மகன் அடிக்கும்போது கணக்கு நேராகிவிடும். நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம்.

நல்ல படங்களும் இதைச் செய்கின்றன. பூமணியின் ‘வெக்கை’ நாவலை அடிப்படையாகக் கொண்ட ‘அசுரன்’ (2019) படத்தில் சிவசாமி மகனைச் சிறையிலிருந்து மீட்க ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறார். தனுஷின் முதுகு வளைந்து வளைந்து நிமிரும் அந்தக் காட்சி வெற்றிமாறன் எடுத்த மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. அது தெரிந்த மூத்த மகன் முருகன் செருப்பை எடுக்கிறான். அங்கிருந்து படம் பற்றி எரிகிறது. நான் அந்தத் தீயைக் குறை சொல்லவில்லை. அந்த ஊரில், அந்தக் காலத்தில், அந்தச் செருப்புக்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் கணக்கு நேரான பிறகு அவமானம் எங்கே போகிறது? தீர்ந்துவிட்டதாகப் படம் நம்மை நம்ப வைக்கிறது. நிஜத்தில் அது தீர்வதில்லை.

‘பரியேறும் பெருமாள்’ (2018) வேறு மாதிரி யோசிக்கிறது. முதலில் மாரி செல்வராஜ் நம்மைச் சிரிக்க வைக்கிறார். கல்லூரியில் அப்பாவை அழைத்து வரச் சொன்னதும் பரியன் ஒரு போலி அப்பாவைக் கூட்டி வருகிறான். தியேட்டரே சிரித்தது. ஏன் நிஜ அப்பாவைக் கூட்டி வரவில்லை என்ற கேள்வி யாருக்கும் அப்போது தோன்றுவதில்லை. பிறகு நிஜ அப்பா வருகிறார். கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடுகிறவர். குரலிலும் நடையிலும் அந்த நளினம் இருக்கிறது. மாணவர்கள் சிலர் அவரைச் சூழ்ந்து வேட்டியை உருவுகிறார்கள். அவர் சாலையில் ஓடுகிறார். அப்பாவாக நடித்த வண்ணாரப்பேட்டை தங்கராசு நிஜத்திலும் நாட்டுப்புறக் கலைஞர்.

அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போது முதலில் சிரித்த சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. பரியன் எதை மறைத்தான், ஏன் மறைத்தான் என்பது இப்போது புரிகிறது. வேறொரு படமாக இருந்தால் இது இன்டர்வெல் பிளாக். அடுத்த ரீலில் பரியன் ஒவ்வொருவனாகத் தேடிப் போய் அடித்திருப்பான். இந்தப் படத்தில் பரியன் தொடர்ந்து படிக்கிறான். கடைசியில் ஜோவின் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து, எதிராளியைப் பேச்சாலேயே அவருடைய மனசாட்சிக்குள் தள்ளிவிடுகிறான். மேசையில் இரண்டு தேநீர்க் கிளாஸ்கள், நடுவில் ஒரு பூ. கணக்கு நேராகவில்லை. அப்பாவின் ஓட்டம் இன்னும் அந்தச் சாலையில் இருக்கிறது. படம் முடிந்து வெளியே வரும்போது அது நம்மோடு வருகிறது.

பழிவாங்கும் படத்தில் அவமானம் மகனுக்குப் பலம். இந்தப் படத்தில் அது மகனுக்குச் சொத்து. விற்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. வைத்துக்கொண்டு வாழத்தான் வேண்டும்.

4

எனக்கு ஏன் இந்தக் காட்சிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இது வெறும் பட்டியல்.

என் அப்பா ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தார். பட்டுப் பிரிவு. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு பத்து மணிக்கு வருவார். அவ்வளவு நேரமும் நின்றபடிதான். ஜவுளிக்கடை வாழ்க்கையை வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’வில் (2010) காட்டினார். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல். அப்பா அதற்கு முன்பே கால் நரம்பு சுருட்டிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார்.

ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு தீபாவளிக்கு அம்மாவோடு அந்தக் கடைக்குப் போயிருந்தேன். அப்பா எங்களைப் பார்க்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு முன்னால் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது புடவையாவது இருக்கும். எதுவும் பிடிக்காமல் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சூப்பர்வைசர் வந்தார், அப்பாவைவிடப் பத்து வயதாவது சின்னவர். “உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆளப் போட்டுக்கறேன்” என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. அப்பா “சரிங்க” என்று சொல்லிவிட்டு மடிக்க ஆரம்பித்தார். மடிக்கும்போது நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அடுத்த புடவையை எடுத்தார்.

இதை வைத்து ஒரு திரைக்கதை எழுதினேன். டிஸ்கஷனில் உட்கார்ந்திருந்த நண்பர்களுக்குக் கதை பிடித்திருந்தது. இந்தக் காட்சி மட்டும் பிடிக்கவில்லை. “பத்தல ப்ரோ. சூப்பர்வைசர் அறையணும். அறைஞ்சாத்தான் ஆடியன்ஸுக்குப் போய்ச் சேரும்.” இன்னொருவர், “அறைஞ்சுட்டு காசை மூஞ்சில எறியலாம்” என்றார். எல்லோரும் நல்லவர்கள்தான், என் கதை ஓட வேண்டும் என்ற அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் நான் அங்கே பார்த்த அடி கையால் விழுந்தது இல்லை. வீட்டில், தெருவில், சொந்தக்காரர்கள் மத்தியில் எல்லோரும் ‘வாங்க, போங்க’ என்று அழைக்கும் மனிதரை, அவரைவிடச் சின்னவர் ஒருவர் ‘நீ’ என்றார். என் உலகத்தில் அதுவரை அப்பா ‘நீங்க’. அந்த ஒரு நிமிடத்தில் அவர் ‘நீ’ ஆகிவிட்டார்.

தமிழில் அவமானத்துக்குக் கை தேவையில்லை, விகுதி போதும். ‘சொல்லுங்க’ என்பதிலிருந்து ‘ங்க’வை எடுத்துவிட்டால் ஒரு மனிதரின் முதுகெலும்பை உருவியது மாதிரி. இதை எப்படிப் படமெடுப்பது? ஒரு விகுதியை எந்த லென்ஸில் பிடிப்பது? மேலே சொன்ன படங்களை நான் மறுபடி மறுபடி பார்ப்பதற்குக் காரணம் இந்தக் கேள்விதான். கேமராவைச் சூப்பர்வைசர் பக்கம் வைத்தால் அவர் வில்லன் ஆகிவிடுவார். அப்பாவின் முகத்தில் வைத்தால் நானும் அவரைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி ஒருமுறை பார்க்கிறேன் என்று ஆகும். தி சிக்காவும் ஓசுவும் சொல்லித் தருவது இதுதான்: பார்க்கிறவனைக் காட்டு. அவன் காதில் ‘நீ’ விழுவதைக் காட்டு. சத்தம் அங்கேதான் இருக்கிறது.

5

இதுவரை சொன்ன அப்பாக்கள் எல்லோரும் பாவப்பட்டவர்கள். அவர்கள் பக்கம் நிற்பது சுலபம். அப்பாவே கொடுமைக்காரராக இருந்தால் பிள்ளையின் பார்வை என்னவாகும்?

வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ (2021) அங்கேதான் நுழைகிறது. கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியைக் கூட்டிவர, பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான் குடிகாரக் கணபதி. போன இடத்திலும் சண்டை. திரும்பி வருவதற்கான பஸ் காசைப் பையன் கிழித்துப் போட்டுவிட, இருவரும் பொட்டல் வெயிலில் நடந்தே வருகிறார்கள். படத்தின் பெரும்பகுதி அந்த நடைதான். தன் தங்கை அப்படி வெயிலில் நடந்து வந்ததுதான் இந்தப் படத்துக்கு விதை என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம்.

இங்கே வேலு அப்பாவை முன்னால் விட்டுப் பின்னால் நடக்கிறான். அவன் பார்ப்பதெல்லாம் அப்பாவின் முதுகை. உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று கிடைக்கிறது. அதில் வெயிலைப் பிடித்து அப்பாவின் முதுகில் அடிக்கிறான். பதில் சொல்ல முடியாத பிள்ளைக்கு இருக்கும் ஒரே ஆயுதம் சூரியன். தாகம் தெரியாமல் இருக்க வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு நடக்கிறான். வீட்டுக்கு வந்து அந்தக் கல்லை வைக்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது, அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கற்கள் இருக்கின்றன. வசனமே இல்லை. எத்தனை முறை இந்த நடை நடந்திருக்கிறது என்பதை அந்தக் குவியல் சொல்லிவிடுகிறது. தமிழ் சினிமாவில் சமீப வருடங்களில் இதைவிடச் சிக்கனமான ஷாட்டை நான் பார்க்கவில்லை.

இந்தப் பார்வைக்கு நம்மிடம் முன்னோடி இருக்கிறது. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979). புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளம்பி வேறெங்கோ போன படம். சுந்தரவடிவேலு மனைவியை வதைத்துச் சாகவிட்டவன், மைத்துனியை மானபங்கப்படுத்தியவன். ஊரே கூடி அவனை ஆற்றுக்குக் கொண்டுவருகிறது. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய பாவம் அதுதான் என்கிற அர்த்தத்தில் அவன் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போகிறான். இந்த வசனத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு வசனத்தைவிட அந்த இரண்டு குழந்தைகள்தான் முக்கியம். ஊருக்கு நியாயம் கிடைத்துவிட்டது. அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்தது அப்பா இல்லாத ஓர் ஆற்றங்கரை. நியாயமான தண்டனையைக்கூட ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் அது வேறு என்று மகேந்திரனுக்குத் தெரிந்திருக்கிறது. ‘ஆரண்ய காண்ட’த்தில் அப்பாவைப் பிடிக்குமா என்று கேட்கும்போது கொடுக்காப்புளி சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: அப்படியெல்லாம் இல்லை, ஆனால் அவர் என் அப்பா.

6

கடைசியாக, அப்பாவே இல்லாத ஒரு படம். கியாரோஸ்தமியின் ‘க்ளோஸ்-அப்’ (1990). சினிமா ஆசையோடு திரிகிற எல்லோரும் பார்த்தே ஆக வேண்டிய படம் என்றால் எனக்கு இது ஒன்றுதான்.

டெஹ்ரானில் ஹொசைன் சப்சியான் என்ற ஏழை மனிதர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணியிடம் தான்தான் இயக்குநர் மக்மல்பாஃப் என்று சொல்லிவிடுகிறார். அந்தக் குடும்பம் அவரை வீட்டுக்கு அழைத்து மரியாதை செய்கிறது. அடுத்த படத்தில் உங்களை நடிக்க வைக்கிறேன் என்கிறார். பிறகு பிடிபட்டு, மோசடி வழக்கில் நீதிமன்றத்தில் நிற்கிறார். இது நிஜமாக நடந்தது. நிஜ மனிதர்களையே வைத்து கியாரோஸ்தமி அதைப் படமாக்கினார். சப்சியான் பணத்துக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. அந்தப் பெயரைச் சொன்னதும் அவரை எல்லோரும் ‘நீங்க’ என்று பேசினார்கள், சொன்னதைக் கேட்டார்கள். அதற்காகத்தான். பத்துப் படங்களின் பட்டியலைச் சொல்லி நம்மைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்கிற நமக்கும் அவருக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

படத்தின் முடிவில் நிஜ மக்மல்பாஃப் வந்து சப்சியானைச் சந்திக்கிறார். சப்சியான் அழுதுவிடுகிறார். இருவரும் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். படக்குழு தூரத்தில் ஒரு வண்டியில் பின்தொடர்கிறது. சட்டென்று ஒலி விட்டு விட்டு வருகிறது. மைக் பழுது என்கிறார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நமக்கு முழுதாகக் கேட்பதில்லை. அது பழுதில்லை, இயக்குநர் வேண்டுமென்றே செய்தது. அவமானப்பட்ட ஒரு மனிதன் தன் தெய்வத்தைச் சந்திக்கும் நேரம். ஒன்றரை மணிநேரம் அவரை உற்றுப் பார்த்த கேமரா, அங்கே காதைப் பொத்திக்கொள்கிறது. பூந்தொட்டியோடு தலைகுனிந்து நிற்கும் சப்சியானில் படம் உறைகிறது.

என் பட்டியலில் இருக்கும் மற்ற படங்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தன. இந்தப் படம் எங்கே பார்க்காமல் இருக்க வேண்டும் என்று சொல்லித் தந்தது. ஒரு இயக்குநருக்கு இரண்டும் வேண்டும். முதலாவதைத் தொழில்நுட்பம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு மரியாதை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

“என்ன ஜானர் தம்பி?” என்ற கேள்வி தப்பான கேள்வி இல்லை. பணம் போடுகிறவருக்கு எந்த வெள்ளிக்கிழமை, எந்தக் கூட்டம் என்று தெரிய வேண்டும். அவரிடம் ‘ஃபேமிலி டிராமா சார்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் படம் எடுக்கப் போகிறவன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. பிடித்த பத்துப் படங்களை எழுதாதீர்கள். பிடித்த பத்துக் காட்சிகளை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் யார் யாரைப் பார்க்கிறார்கள், பார்க்கப்படுகிறவருக்கு அது தெரியுமா என்று மட்டும் பக்கத்தில் குறித்து வையுங்கள். உங்களுக்கு அது அக்கா தம்பியாக இருக்கலாம், இரண்டு சிநேகிதிகளாக இருக்கலாம், ஒரு கிழவியும் அவள் ஆடும்கூட இருக்கலாம். நாலைந்து காட்சி தாண்டுவதற்குள் உங்கள் படம் எது என்று தெரிந்துவிடும்.

என் திரைக்கதையில் அந்தக் காட்சி இப்போது ஒன்றரைப் பக்கம். அறை இல்லை, முகத்தில் எறியும் காசு இல்லை. சூப்பர்வைசர் ஃப்ரேமுக்குள்ளேயே வருவதில்லை, குரல் மட்டும்தான். பையனின் முகம், பிறகு புடவை மடிக்கும் இரண்டு கைகள். அப்பா நிமிரும் இடத்தில் கட். அவர் கண்களை நான் எடுக்கப் போவதில்லை.